ஒன்பதாம் மாடி உறை

எனக்கு அருவருப்பு ஜாஸ்தி. அடுத்தவர் எச்சில் டம்ளரைப் பார்த்தாலே ஓங்கரிக்கும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தை உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சினால் என் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். அப்படிப்பட்டவளுக்குக் கர்த்தர் கொடுத்த பிழைப்பைப் பாருங்கள். ஊரார் குடித்துத் தீர்த்த வாட்டர் ஃபில்டர் கார்ட்ரிட்ஜைப் பிளந்து, கழுவி, மறுபடி நிரப்பித் தருவது.

என் பேர் அமலோற்பவம். சென்னைக்குத் தெற்கே, சதுப்பை மூடிக் கட்டின பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில் டி பிளாக், தரைத்தளம். லாரித் தண்ணீர் நின்று ஏழு வருஷம் ஆகிறது. இப்போது பிளாக்குக்கு அடியிலேயே ஒரு தொட்டி. நாங்கள் குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவினது, கக்கூஸில் ஊற்றினது எல்லாம் அதில் இறங்கும். மெஷினில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி குழாயில் ஏறி வரும். சுழல்நீர் என்று அழகாக ஒரு பெயர் வேறு. சுழல்நீராவது, மண்ணாங்கட்டியாவது. நூற்று நாற்பது வீட்டு மூத்திரம் நூற்று நாற்பது வீட்டு டம்ளருக்கே திரும்பி வருகிறது, அவ்வளவுதான். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். வாயில் வைத்தால் அடிநாக்கில் ஒரு கசப்பு. ஆளாளுக்கு முழுங்குகிற மாத்திரையில் பாதி உடம்பில் தங்காமல் வெளியே வந்துவிடுகிறதாம். அந்தக் கசப்புதான் இது.

குடிக்க வேண்டுமென்றால் ஃபில்டர் வேண்டும். மேலே ஒரு பானை, கீழே ஒரு பானை, நடுவில் முழங்கை நீளத்துக்கு ஒரு கார்ட்ரிட்ஜ். அதற்குள் கரித்தூள், மணல், இரண்டுக்கும் நடுவில் உயிருள்ள ஒரு படலம். கம்பெனிக்காரன் அவன் லேபில் வளர்த்த கிருமிக் கூட்டம். தண்ணீரில் வருகிற அசிங்கத்தைத் தின்பதுதான் அதற்கு வேலை. எந்த அசிங்கம் அதிகமாக வருகிறதோ அதைத் தின்னத் தானாகவே கற்றுக்கொள்ளும். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று வைத்திருந்தது. நாங்கள் ஜவ்வு என்போம். ஆறு மாதமானால் உள்ளே இருக்கிற சிப் தண்ணீரை நிறுத்திவிடும். ஜவ்வு நன்றாகத்தான் இருக்கும். இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்பான். எங்கள் பிளாக்கில் அதற்கு வக்குள்ளவர் யார்? அதனால் என்னிடம் வருவார்கள்.

சூடு பண்ணின கத்தியால் மூடியைச் சுற்றி அறுத்தால் முதலில் வருவது வாடை. அழுகின முட்டை, தலையணை உறையில் ஏறின எண்ணெய்ச் சிக்கு, ஊசிப்போன சாம்பார், எல்லாம் சேர்ந்த வாடை. பிறகு ஜவ்வு வரும். மார்ச்சளி மாதிரி பழுப்பாக, கையோடு நீண்டு வரும். அதில் மயிர் ஒட்டியிருக்கும். "வாங்க, இதைத்தான் ஆறு மாசமா குடிச்சீங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டால், "ஐயே, காட்டாதீங்கக்கா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். குடிக்க மட்டும் தெரியும்.

சிப்பின் கணக்கை அழித்துவிட்டு, கரியைக் கழுவி இரும்புச் சட்டியில் வறுப்பேன். மணலைக் கொதிக்க வைப்பேன். அடியில் ஒரு வெள்ளைத் தாள் உண்டு. ஜவ்வு குடிதண்ணீரில் இறங்காமல் தடுக்கிறது அதுதான். கழுவக் கூடாது, மாற்ற வேண்டும் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். தனியாக அது கடையில் கிடைக்காது. நான் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துத் திரும்பப் போடுவேன். கிழியவில்லையே, என்ன கெட்டுப்போகிறது என்று நினைத்தேன்.

கடைசியாக உறை. தயிருக்கு ஊற்றுவது போலத்தான். நல்ல ஜவ்வில் ஒரு ஸ்பூன் எடுத்து வெல்லத் தண்ணீரில் கலக்கி உள்ளே விட்டு, அடுப்பு மேடையோரம் இரண்டு நாள் வைத்தால் பிடித்துக்கொள்ளும். யார் வீட்டுத் தயிர் கெட்டியாக, புளிக்காமல் இருக்கிறதோ அவர்கள் வீட்டில்தானே உறை கேட்போம்? இதற்கும் அப்படியே. யார் வீட்டுத் தண்ணீர் ருசியோ, அந்த வீட்டு ஜவ்வுதான் மற்றவர்களுக்கு உறை. இந்த யோசனை என்னுடையது. இதற்காக என்னை எல்லாரும் கெட்டிக்காரி என்றார்கள். நானும் பூரித்துப்போனேன், வெட்கமில்லாமல்.

போன ஆடியில் ஒன்பதாம் மாடி பவளா தன் வீட்டுக் கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொண்டு வந்தாள். அசோசியேஷன் செகரட்டரி தணிகாசலத்தின் பெண்டாட்டி. ஆறு வருஷமாகத் தெரியும் அவளை. லிஃப்டில் நின்றால் இறங்க வேண்டிய மாடி தாண்டினது தெரியாமல் நிற்பாள். பிறந்த பிள்ளை மூன்றாம் நாளே போய்விட்டது, அதிலிருந்து அப்படித்தான் என்பார்கள். அன்றைக்கு ஆளே வேறு.

"என்னக்கா, உங்க காலண்டர்ல இன்னும் போன மாசம்தான் நடக்குதா?" என்று சுவரைக் காட்டிச் சிரித்தாள்.

"தாளைக் கிழிக்கக்கூட நேரமில்ல பவளா. நீ என்ன இன்னைக்கு இவ்ளோ குஷியா இருக்கே?"

"தெரியலக்கா. தூக்கத்துலேர்ந்து முழிச்ச மாதிரி இருக்கு."

அவள் போனபிறகு அறுத்தேன். வாடையே இல்லை. எனக்கு ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துவிட்டது, புதுசைக் கொண்டுவந்துவிட்டாளோ என்று. உள்ளே ஜவ்வு நுங்கு மாதிரி வெள்ளையாக, திடமாக இருந்தது. அதில் ஒரு ஸ்பூன் எடுத்து முதலில் எங்கள் வீட்டு ஃபில்டருக்குத்தான் உறை விட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். மாதாவே, கசப்பே இல்லை. லேசாக இனிக்கக்கூடச் செய்தது. இன்னொரு டம்ளர் குடித்துவிட்டு அவருக்கும் ஒரு சொம்பு கொடுத்தேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், இருதயராஜ். பக்கத்து ஐ.டி. கம்பெனி காண்டீனில் வடை, பஜ்ஜி போடுகிறவர். இருபது வயசிலிருந்து வலிப்பு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று மாத்திரை. ஒன்பது வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நாளெல்லாம் நிற்கிற மனுஷனுக்கு அந்த இரண்டு மாத்திரைதான் காவல்.

ஒரு மாதத்தில் ஒன்பதாம் மாடி உறை பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. சிப் இன்னும் தண்ணீரை நிறுத்தாத கார்ட்ரிட்ஜைக்கூட எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். "எங்களுக்கும் அந்த உறையே போடுங்கக்கா." போட்டேன். நூற்று நாற்பது வீட்டுக்கும் போட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காண்டீனிலிருந்து ஃபோன். எண்ணெய்ச் சட்டிக்கு எதிரே நின்றவர் அப்படியே விறைத்திருக்கிறார். வலது கை சட்டிக்குள் போய்விட்டது. கூட இருந்தவர்கள் இழுத்திருக்காவிட்டால் முகமும் போயிருக்கும். ஆஸ்பத்திரியில் அந்தக் கையைப் பார்த்தேன். அதைச் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பஜ்ஜி என்ற பேச்சே கிடையாது.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வார்டு கிளினிக் டாக்டர் யாஸ்மின் காகிதத்தை என்னிடம் காட்டி, "ரத்தத்துல மருந்தே இல்லம்மா. சுத்தமா இல்ல. இவர் மாத்திரை போடறதை நிறுத்தி மாசக்கணக்காகுது" என்றார்.

"சத்தியமா போடறேன் டாக்டர்" என்றார் அவர்.

நான் நம்பவில்லை. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை நம்பாமல் ஒரு காகிதத்தை நம்பினேன். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன்.

"எதுக்குய்யா பொய் சொல்றே? தூக்கம் வருதுன்னு துப்பிட்டியா? ஒரு கை போச்சு, பத்தலையா உனக்கு?"

"அமலு, நான் ஏன்டி துப்பப் போறேன்? என் கைதானே வெந்துச்சு!"

"வாயைத் திற."

திறந்தார். நாக்கைத் தூக்கச் சொன்னேன். கன்னத்தை விரலால் ஒதுக்கிப் பார்த்தேன். பல்லுக்குப் பின்னால் பார்த்தேன். சந்தையில் மாட்டைப் பிடிக்கிறவன் பார்ப்பானே, அப்படி. தினம் இரண்டு வேளை, இருபது நாள் இது நடந்தது. முதல் நாள் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பார். அந்த ஈரம், அந்த வாய் வாடை, என் விரலில் ஒட்டின எச்சில்! சீ என்று வரும். அவர் மேல்தான் சீ என்று வந்தது எனக்கு. இருபத்தோராம் நாள், என் கண்ணெதிரே மாத்திரையை முழுங்கி இரண்டு மணி நேரத்தில், சமையல் கட்டிலேயே மறுபடி விழுந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, மனுஷன் பொய் சொல்லவில்லை என்று. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இப்ப நம்பறியா?"

டாக்டர் யாஸ்மின் இந்தத் தடவை என்னைத் தனியாக உட்காரவைத்தார்.

"உங்க பிளாக்ல இன்னும் ரெண்டு பேருக்கு நின்னுபோன வலிப்பு திரும்ப வந்திருக்கு. அஞ்சாவது மாடிப் பெரியவருக்கு சுகர் மாத்திரை வேலை செய்யல. ஏ பிளாக், பி பிளாக்ல எல்லாம் ஒண்ணுமில்ல. உங்க பிளாக்ல மட்டும் என்ன புதுசா நடந்துச்சு?"

உறை கதையைச் சொன்னேன். தாளைக் கழுவிப் போடுவதையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. என் மேலே வாடை அடிக்கிற மாதிரி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"நாளைக்கு அந்த ஜவ்வு கொஞ்சம் கொண்டு வாங்க."

கொண்டுபோனேன். இரண்டு டம்ளர் தண்ணீரில் என் வீட்டுக்காரரின் மாத்திரையைப் பொடி செய்து கலக்கினார். ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு ஜவ்வு விட்டார். மறுநாள் போனபோது, வெறும் மாத்திரை கலந்த டம்ளரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வேப்பங்காய்க் கசப்பு. ஜவ்வு விட்ட டம்ளரைத் தொடவிடவில்லை. மருந்து இருந்தால் நிறம் மாறுகிற காகிதப் பட்டை ஒன்றை அதில் முக்கிக் காட்டினார். நிறமே மாறவில்லை.

"மருந்து எங்கே போச்சு?" என்றேன்.

"தின்னுடுச்சு. இது மாத்திரையைத் தின்னப் பழகின ஜவ்வு. ஒண்ணு பழகினா மத்ததையும் விடாது. நீங்க கழுவின தாள்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்து, அது வழியா குடிக்கிற தண்ணில இறங்கி, எல்லார் குடல்லயும் குடியேறிடுச்சு. உங்க வீட்டுக்காரர் ஒழுங்காத்தான் முழுங்கறாரு. ரத்தத்துக்குப் போறதுக்கு முன்னாடி வயித்துலயே இது தின்னுடுது."

நான் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். எடுத்ததில் அது வந்துவிடாதா என்றிருந்தது. இத்தனை நாள் சட்டியில் பார்த்த அந்த ஜவ்வு என் குடலில், அவர் குடலில், ஒட்டிக்கொண்டு, நாங்கள் தின்பதைத் தின்று வளர்ந்துகொண்டிருக்கிறது.

"மருந்து இருக்கா டாக்டர்?"

"இருக்கு. இதால தின்ன முடியாத மாத்திரை, எட்டு நாள். ஆனா உங்க ரெண்டு பேருக்கு மட்டும் குடுத்துப் புண்ணியமில்ல. ஒருத்தர் வயித்துல இருந்தாக்கூட, அது கக்கூஸ் வழியா தொட்டிக்குப் போயி, குழாய் வழியா உங்ககிட்டயே திரும்பி வரும். பிளாக் மொத்தமும் ஒரே நேரத்துல முழுங்கணும், கண்ணு முன்னாடி. கார்ட்ரிட்ஜ் எல்லாத்தையும் அழிச்சு, தொட்டியையும் சுத்தம் பண்ணணும். ஒரு வீடு பாக்கி இருந்தாலும் வீண்." நோட்டை எடுத்துக்கொண்டு, "சும்மா கிடக்கிற ஜவ்வு இப்படி ஒரு மாத்திரையை முழுசா தின்னப் பழகாது. யாரோ நிறைய ஊட்டியிருக்காங்க. முதல் ஸ்பூன் யார் வீட்டுது?" என்றார்.

"ஞாபகமில்ல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. நேரே ஒன்பதாம் மாடிக்குப் போனேன்.

தணிகாசலம் ஆபீஸ் போயிருந்தார். பவளா கேட்டதும் மறைக்கவில்லை.

"பிள்ளை போனப்ப ஒரு வருஷம் மாத்திரை குடுத்தாங்கக்கா, மனசுக்கு. வலிப்புக்குக் குடுக்கற அதே மாத்திரைதானாம். ஒரு வருஷத்துல போதும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவருதான் நிறுத்தல. நிறுத்தினா நான் கத்துவேனாம், எதிர்த்துப் பேசுவேனாம். வேற கடைல வாங்கிட்டு வந்து, அளவையும் ஏத்திட்டாரு. அஞ்சு வருஷம்க்கா. என்ன சமைச்சேன், யார் வந்தாங்க, ஒண்ணும் ஞாபகமில்ல."

"துப்பினியா?"

"போன வருஷம்தான் அந்த புத்தி வந்துச்சு. கன்னத்துல ஒதுக்கி வெச்சுப்பேன். துப்பறதுக்கு இடம் வேணுமே? குப்பைக்கூடை, ஜன்னல், சிங்க் எல்லாம் பார்ப்பாரு. யாரும் திறந்து பார்க்காதது ஃபில்டர் மேல் பானை ஒண்ணுதான். அதுல துப்பிடுவேன்." சட்டென்று சிரித்தாள். "ஆரம்பத்துல அந்தத் தண்ணியைக் குடிச்சுட்டு அவரு மத்தியானமெல்லாம் குறட்டை விட்டாரு."

எனக்கும் சிரிப்பு வந்தது, அந்த நேரத்திலும்.

"அப்புறம் அவருக்குச் சந்தேகம் வந்து விரலை விட்டுப் பார்க்க ஆரம்பிச்சாரு. முழுங்கித்தான் ஆகணும். தொலைஞ்சோம்னு நினைச்சேன். ஆனா ஒண்ணும் ஆகலக்கா! தினம் முழுங்கறேன், தெளிவா இருக்கேன். அவர் முன்னாடி மந்தமா இருக்கற மாதிரி நடிக்கறேன். வயித்துல ஏதோ ஒண்ணு எனக்காகத் தின்னுடுது."

ஜவ்வைப் பற்றியும், என் வீட்டுக்காரரின் கையைப் பற்றியும், எட்டு நாள் மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போனதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"என்னை மட்டும் விட்டுடுங்கக்கா."

"விட்டா எல்லாருக்கும் திரும்ப வந்துடும்."

"மூணு மாசம் குடுங்க. தையல் கத்துக்கறேன், சர்டிஃபிகேட் வந்துடும். கடலூர்ல ஒரு ஹாஸ்டல் இருக்கு, போயிடுவேன். தெளிவா இருந்தாத்தானே போக முடியும்?"

மூன்று மாதம். அதற்குள் என் மனுஷன் எத்தனை தடவை விழுவார்? அடுத்த தடவை அடுப்பா, பஸ்ஸா, மாடிப்படியா? நான் இறங்கி வந்துவிட்டேன்.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். அந்த அம்மா விட்டிருக்க மாட்டார், தணிகாசலத்தைப் பிடித்து விசாரித்திருப்பார். அங்கேதான் சிக்கல். ஏனென்றால் அன்றைக்குச் சாயங்காலமே அசோசியேஷன் கூட்டம் போட்டு எல்லாரிடமும் என் தப்பை ஒத்துக்கொண்டேன். கிடைத்தது என்ன தெரியுமா? "உன் புருஷனுக்கு ஒண்ணுன்னா நாங்க ஏன் மாத்திரை முழுங்கணும்?" "எங்க வீட்ல யாருக்கும் வியாதி இல்ல, தண்ணி இனிக்குது, அப்படியே இருக்கட்டும்." மூன்றாவது மாடி ஆள் ஒருத்தர், "என்னத்தைக் கலந்து குடுத்தாளோ" என்று என் முகத்துக்கு நேரே காறித் துப்பினார். என் தண்ணீரைப் போட்டி போட்டுக்கொண்டு குடித்த வாய்கள். அத்தனை பேரையும் அடக்கி, "எட்டு நாள் எல்லாரும் முழுங்கறோம், நானே வீடு வீடா வர்றேன்" என்று எழுந்து நின்றது தணிகாசலம் ஒருத்தர்தான். அவர் வந்தால்தான் கதவு திறக்கும். அவர் வராவிட்டால் ஒரு வீடுகூட என்னை உள்ளே விடாது. ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஆரம்பித்தோம். நான் மாத்திரைத் தட்டு, அவர் நோட்டு. அவர் கூப்பிட்டதும் கதவுகள் திறந்தன. எல்லாரும் முழுங்கினார்கள். நான் ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன். வெற்றிலைக் கறை, சொத்தை, மஞ்சள் நாக்கு, முந்தின நாள் மீன் நாற்றம். நூற்று நாற்பது வீட்டு வாய். கார்ட்ரிட்ஜையெல்லாம் கீழே டிரம்மில் போட்டு பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள், தொட்டியிலும் கொட்டினார்கள்.

ஒன்பதாம் மாடி வந்தது.

"பவளா, இங்க வா" என்றார் தணிகாசலம். அவள் வந்தாள். என்னைப் பார்த்தாள். தட்டிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"திற. நல்லா திற. நாக்கைத் தூக்கு." ரொம்பப் பழகின குரல். கோபம்கூட இல்லை அதில். "நீயே பார்த்துக்கம்மா, எனக்குக் கண்ணாடி இல்ல."

பார்த்தேன். இடது கன்னத்தின் உள்ளே, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், வெள்ளையாகத் தெரிந்தது. அவள் கண் என் கண்ணைவிட்டு நகரவில்லை. சொல்லுக்கா, முழுங்கிட்டாள்னு சொல்லு என்று கெஞ்சினது அந்தக் கண். என் பின்னால் அந்த மனுஷன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு வார்த்தை போதும்.

கீழே எங்கள் வீட்டில் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என் மனுஷனை நினைத்தேன். ஒரு வீடு பாக்கி இருந்தாலும் வீண்.

விரலை உள்ளே விட்டேன். கன்னத்திலிருந்து மாத்திரையை நெம்பி, நாக்கின் அடிவரைக்கும் தள்ளினேன். அவளுக்குக் குமட்டியது. தொண்டை ஏறி இறங்கியது. அவள் என்னைக் கடித்திருக்கலாம். கடிக்கவில்லை.

"முழுங்கிட்டாங்க" என்றேன். தணிகாசலம் டிக் போட்டுக்கொண்டார்.

மற்ற ஏழு நாளும் அவளாகவே வாயைத் திறந்தாள். ஒதுக்கவில்லை. எட்டாம் நாள் நான் விரலைக்கூட நீட்டவில்லை, அவளே நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கையைச் சிகைக்காய் போட்டுத் தேய்த்தேன். தோல் சிவந்ததுதான் மிச்சம். நூறு வீட்டுச் சாக்கடை ஜவ்வை அளைந்த கைதான் இது. அப்போதெல்லாம் இவ்வளவு நாறவில்லை.

மாத்திரை பலித்தது. இருதயராஜ் ரத்தத்தில் மருந்து ஏறிவிட்டது. அப்புறம் ஒரு தடவைகூட விழவில்லை. காண்டீனில் எண்ணெய்ப் பக்கம் விடாமல் டோக்கன் கொடுக்கிற இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். அஞ்சாவது மாடிப் பெரியவருக்கு சுகர் இறங்கிவிட்டது. கம்பெனிக்காரன் தவணையில் புதுக் கார்ட்ரிட்ஜ் கொடுக்கிறான். தண்ணீர் மறுபடி கசக்கிறது. எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டே குடிக்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து லிஃப்டில் ஏறினேன். உள்ளே பவளா நின்றிருந்தாள். ஒன்பதை அழுத்தியிருந்தாள். ஒன்பது வந்தது, கதவு திறந்தது, மூடியது. அவள் இறங்கவில்லை. பன்னிரண்டு வரைக்கும் போய்க் கீழே வந்தோம்.

"பவளா, தையல் கிளாஸ் போறியா?"

"தையலாக்கா?" என்றாள். யோசித்துப் பார்த்தாள். "ஆமா, நல்லாத்தான் இருக்கும்."

அன்றைக்கே கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேனாவை மேஜை மேல் எறிந்தார்.

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா செகரட்டரி வந்திருக்க மாட்டாரு டாக்டர். அவர் வரலன்னா ஒரு கதவும் திறந்திருக்காது. என் வீட்டுக்காரர்..."

"தெரிஞ்சே செஞ்சீங்க."

"தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். கார்ட்ரிட்ஜைப் பிளக்கும்போது நான் பார்க்கிற பார்வைதான் அது.

"கூட்டிட்டு வாங்க" என்றார். "எனக்கு இந்த மாத்திரை வேணாம்னு அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும். கொஞ்சம் கொஞ்சமா நானே குறைச்சு நிறுத்திடறேன். வீட்டுக்கு அனுப்பாம தங்கவைக்கவும் இடம் இருக்கு. அந்த ஒரு வார்த்தை இல்லாம சட்டப்படி நான் கைவைக்க முடியாது."

மறுநாள் தணிகாசலம் ஆபீஸ் போனதும் பவளாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். வேணாம்னு சொல்லு பவளா, ஒரே ஒரு வார்த்தை, வேணாம். சரிக்கா, சரிக்கா என்றாள்.

டாக்டர் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையைத் தடவிக்கொண்டே, மெதுவாகக் கேட்டார்.

"பவளா, வீட்டுல குடுக்கற மாத்திரை உங்களுக்கு வேணுமா? வேணாமா? நீங்க என்ன சொன்னாலும் சரி. யாருக்கும் பயப்பட வேணாம்."

பவளா டாக்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். உதட்டை அசைத்துக்கூடக் காட்டினேன். அவள் மரியாதையாகப் புன்னகை செய்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்றேன் டாக்டர்" என்றாள்.